மருந்தும் மூலபாடமும்: கட்டிளமைப் பருவத்தினரின் மனச்சோர்வு மருந்துப் பரிசோதனைகள் பற்றிய ஒரு நோக்கு

1

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்திலே, காடும் வயலும் கடலும் சந்திக்கும் கரையில் அமைந்தது முள்ளிக்குளம். மீன்பிடியையும் குளத்து நீரை நம்பிய வேளாண்மையையும் ஒருங்கே கைக்கொண்டு வாழ்ந்த இக்கிராமத்து மக்கள், யுத்தத்தின்போது, 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அவ்விடத்திற் கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் நிலைகொண்டது. யுத்தம் முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த நிலையிலும் ஊர் திரும்ப இயலாத குடும்பங்களில் ஒரு பகுதியினர், 2012இல் அயலிலுள்ள மலங்காட்டிற் குடியமர்ந்தனர். 2017 மார்ச்சு மாதம் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பின்னரே, 100 ஏக்கர் நிலம் விடுவிக்கப்படும் என அவ்வாண்டு ஏப்ரல் இறுதியிற் கடற்படை அறிவித்தது. இன்று கட்டிளமைப் பருவத்தில் இருக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இவ்வெளியேற்றத்திற்குப் பின்னர் பிறந்தவர்கள். தம் ஊரை முதலிற் பெற்றோரின் பேச்சிலே கண்டவர்கள்.

இத்தகைய கிராமமொன்றிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளையொன்று மாவட்ட வைத்தியசாலையின் மனநலச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்படுவதாகக் கொள்வோம். பல வாரங்களாக உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, பாடத்தில் மனம் ஊன்றவில்லை, சிறு சொல்லுக்கும் எரிச்சல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம். வைத்தியர் அதனைப் பெரும் மனச்சோர்வு நோய் என நிர்ணயித்துக் குளிசையொன்றை எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டிலுள்ள ஒரு சொல்லின் பின்னால் நிற்கும் அறிவு யாரால், எவர்மீது, எந்நோக்குடன் ஆக்கப்பட்டது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இலக்கிய ஆய்வாளனுக்கு இதில் என்ன தொழில் எனச் சிலர் வினவக்கூடும். மருந்தொன்றைப் பற்றிய அறிவு ஈற்றில் எழுத்தாகவே நம்மை வந்தடைகின்றது. திட்டம் எழுதப்படுகின்றது, குறிப்புகள் எழுதப்படுகின்றன, அவற்றிலிருந்து கட்டுரை எழுதப்படுகின்றது. ஓர் எழுத்து எவ்வாறு ஆக்கப்பட்டது, யாருடைய நலனுக்காக ஆக்கப்பட்டது, எதனை மறைத்தது என்று ஆராய்வது நமது துறையின் பணியேயாகும்.

2

முதலில் பரிசோதனையின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மனச்சோர்வு பலருக்குக் காலப்போக்கிற் கூடிக் குறையும் நோய். எனவே, குளிசை உண்டவர் இரண்டு மாதத்திற் தேறினார் என்பதிலிருந்து குளிசையாலேயே தேறினார் என்று கூறிவிட முடியாது. இதன் பொருட்டே நோயாளர் எழுந்தமானமாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு சாராருக்கு மருந்தும், மறுசாராருக்கு அதே தோற்றமுடைய, மருந்தற்ற வெற்றுக் குளிசையும் வழங்கப்படும். யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது. அவரை மதிப்பிடும் வைத்தியருக்கும் தெரியாது. குறித்த வாரங்களின் பின்னர் மனநிலையை அளவிடும் வினாத்தொகுதியொன்றின் புள்ளிகள் ஒப்பிடப்படும்.

இம்முறையின் உயிர்நாடி ஒன்றுண்டு. எதனை வெற்றி எனக் கொள்வோம் என்பதைப் பரிசோதனை தொடங்குவதற்கு முன்னரே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவைத்தல் வேண்டும். அம்பை எய்தபின் அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைபவனைக் குறிதவறாதவன் என எவரும் போற்றார். இருபது வகையாக அளந்தால் அவற்றுள் ஒன்றிரண்டு தற்செயலாகவேனும் மருந்துக்குச் சார்பாக அமையும். திட்டத்தில் எழுதியதற்கும் பின்னர் வெளியிடப்பட்டதற்கும் இடையிலுள்ள வேறுபாடே பரிசோதனையொன்றின் நேர்மையை அளக்கும் முதன்மையான அளவுகோலாகும்.

3

இவ்வேறுபாட்டுக்கு உலகறிந்த சான்றாக விளங்குவது 329ஆம் இலக்க ஆய்வு. சிமித்கிளைன் பீச்சம் என்னும் கம்பனி, தனது பரொக்சற்றீன் என்ற மருந்தினை 12 முதல் 18 வயது வரையானோரிடத்துச் சோதிப்பதற்கு இதனை நடத்திற்று. 1994 முதல் 1998 வரையான காலப்பகுதியில் வட அமெரிக்காவின் 12 நிலையங்களில் 275 பேர் இதிற் சேர்க்கப்பட்டனர். 93 பேர் பரொக்சற்றீனையும், 95 பேர் இமிப்பிரமீன் என்ற பழைய மருந்தினையும், 87 பேர் வெற்றுக் குளிசையையும் எட்டு வாரங்கள் உட்கொண்டனர்.

2001இல், அமெரிக்கச் சிறுவர் மற்றும் கட்டிளமைப் பருவத்தினர் உளமருத்துவக் கழகத்தின் ஏட்டில் இதன் முடிவு கட்டுரையாக வெளிவந்தது. மார்ட்டின் கெலர் முதலாக 22 பேரின் பெயர்கள் அதன் தலைப்பின்கீழ் இருந்தன. பரொக்சற்றீன் பொதுவாகத் தாங்கத்தக்கது, பயனுடையது என்பதே அதன் முடிவு. 2002ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் பிள்ளைகளுக்கும் கட்டிளமைப் பருவத்தினருக்கும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் இம்மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது.

பின்னர் வழக்குகளின் வழியே கம்பனியின் உள்ளாவணங்கள் வெளிவந்தபோது உண்மை வேறாயிருந்தது. திட்டத்தில் முன்கூட்டி எழுதப்பட்ட எட்டு அளவைகளுள் எதிலும் பரொக்சற்றீன் வெற்றுக் குளிசையை விஞ்சவில்லை. கட்டுரையிற் காட்டப்பட்ட வெற்றிகள் பின்னர் புகுத்தப்பட்ட அளவைகளிற் கிடைத்தவை. கட்டுரையின் முதல் வரைவை எழுதியவர் தலைப்பின்கீழ் இருந்த பேராசிரியர்களுள் ஒருவரல்லர். கம்பனி கூலிக்கு அமர்த்திய எழுத்து நிறுவனத்தைச் சேர்ந்தவர். பயன் நிறுவப்படவில்லை என்ற கூற்றை மருந்தின் விபரக்குறிப்பிற் சேர்ப்பது வணிக நோக்கில் ஏற்கத்தக்கதன்று எனக் கம்பனியின் 1998ஆம் ஆண்டு உள்குறிப்பொன்று கூறிற்று.

ஆய்வுலகம் இதற்கு அளித்த மறுமொழி நம் போன்றோர்க்கு நன்கு பழக்கமானது. 2015 செப்டெம்பரில், லெ நூரி, ஹீலி, யூரெய்டினி முதலிய எழுவர் மூலத் தரவுகளுக்குத் திரும்பி, திட்டத்தில் எழுதியவாறே கணித்து, பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் முடிவுகளை மீள வெளியிட்டனர். நோயாளர் பதிவுகள் மட்டும் ஏறத்தாழ 77,000 பக்கங்கள். அவற்றிலே மூன்றிலொரு பங்கினரான 93 பேரின் பதிவுகளையே அவர்களாற் சரிபார்க்க முடிந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிக்கையிற் செய்தது போன்ற வேலைதான் இது: ஏட்டுக்குத் திரும்புதல், பாடபேதம் நோக்குதல், இடைச்செருகலை நீக்குதல். செல்லரித்த ஏடு தாமோதரம்பிள்ளையிடம் எதனையும் வேண்டுமென்று மறைக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

மூலபாடம் காட்டியது யாது? மனச்சோர்வுப் புள்ளிகள் பரொக்சற்றீன் உண்டோரிடம் சராசரியாக 10.7உம், இமிப்பிரமீன் உண்டோரிடம் 9.0உம், வெற்றுக் குளிசை உண்டோரிடம் 9.1உம் குறைந்தன. இவ்வேறுபாடு தற்செயலைக் கடந்ததன்று. தற்கொலை எண்ணம் அல்லது சுயதீங்கு நாடிய நடத்தை 2001ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி முறையே 5, 3, 1 பேரிடம் காணப்பட்டது. மூலப்பதிவுகளின்படி 11, 4, 2 பேரிடம் காணப்பட்டது. இத்தகைய நிகழ்வுகள் பல ‘உணர்ச்சித் தளம்பல்’ என்னும் சொல்லின்கீழ் அடக்கப்பட்டிருந்தன. சொற்றேர்வு அழகியல் வினா மட்டுமன்று என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டுத் தேவையில்லை. ஒரு பிள்ளை தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றதைத் ‘தளம்பல்’ என எழுதியவுடன் அப்பிள்ளை அட்டவணையிலிருந்து மறைந்துபோகின்றது.

இதன் விளைவுகளும் பதிவாகியுள்ளன. 2003 யூனில் பிரித்தானிய ஒழுங்குபடுத்தும் அமைப்பு, 18 வயதுக்குட்பட்டோரின் மனச்சோர்வுக்குப் பரொக்சற்றீனைப் பயன்படுத்தலாகாது என அறிவித்தது. 2004இல் நியூயோர்க் மாநிலத்தின் சட்டத்துறைத் தலைவர் தொடுத்த வழக்கை, கிளாக்சோசிமித்கிளைன் எனப் பெயர்மாறியிருந்த கம்பனி 25 இலட்சம் டொலர் செலுத்தி முடித்துக்கொண்டது. 2012இல் இதனையும் வேறு மருந்துகளையும் பற்றிய குற்றச்சாட்டுகளுக்காக ஐக்கிய அமெரிக்க அரசுக்கு 300 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது.

இதனைத் தனியொரு கம்பனியின் ஒழுக்கக்கேடு எனக் கண்டித்துவிட்டு அமைவது போதாது. மருந்து பண்டமாக உற்பத்தியாகும் அமைப்பில், அதனைப் பற்றிய அறிவும் பண்டமாகவே உற்பத்தியாகின்றது. பயன்மதிப்பை அளப்பதற்கென எழுந்த பரிசோதனை, பரிமாற்று மதிப்பை உயர்த்தும் கருவியாகின்றது. 2004இல் இலண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் லான்செற் ஏட்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. வெளியிடப்பட்ட பரிசோதனைகளை மட்டும் நோக்கின், இவ்வகை மருந்துகள் சில பிள்ளைகளுக்கு ஏற்றவை போலத் தோன்றின. வெளியிடாது வைக்கப்பட்டவற்றையும் சேர்த்து நோக்கியபோது, புளுவொக்சற்றீன் தவிர்ந்தவற்றில் தீங்கு நன்மையை விஞ்சக்கூடும் எனத் தெரிந்தது.

4

ஆயின், இதிலிருந்து மருந்துகள் யாவும் பொய் என்ற முடிவுக்குத் தாவுதல் ஆய்வாகாது. பொதுப்பணத்தில் நடந்த பரிசோதனைகளும் உள. ஐக்கிய அமெரிக்கத் தேசிய மனநல நிறுவகத்தின் நிதியுடன் 13 நிலையங்களில், 12 முதல் 17 வயது வரையான 439 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரங்களின் முடிவில், புளுவொக்சற்றீனும் சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சையும் ஒருங்கே பெற்றோரில் 71 வீதத்தினர் தேறினர். மருந்து மட்டும் பெற்றோரில் 60.6 வீதத்தினரும், உளச்சிகிச்சை மட்டும் பெற்றோரில் 43.2 வீதத்தினரும், வெற்றுக் குளிசை பெற்றோரில் 34.8 வீதத்தினரும் தேறினர். முப்பத்தாறு வாரங்களின் பின்னர் முதல் மூன்று சாராரும் பெரிதும் நெருங்கிவந்தனர்: முறையே 86, 81, 81 வீதம்.

இவ்வெண்களையும் அவதானத்துடன் படித்தல் வேண்டும். உளச்சிகிச்சை பெற்றோர் தாம் எதனைப் பெறுகின்றோம் என அறிந்தேயிருந்தனர். பேச்சை வெற்றுக் குளிசை போல மறைக்க இயலாது. 2007இல் இங்கிலாந்தில் 208 பேரிடம் நடந்த பரிசோதனையில், மருந்துடன் உளச்சிகிச்சையைச் சேர்த்ததால் மேலதிக நன்மை காணப்படவில்லை. எனினும் புளுவொக்சற்றீனின் நிலை ஏனையவற்றிலும் உறுதியானது. 34 பரிசோதனைகளையும் 5,260 பேரையும் உள்ளடக்கி 2016இல் லான்செற் வெளியிட்ட தொகுப்பாய்வில், 14 மருந்துகளுள் வெற்றுக் குளிசையிலும் மேலானது என நிறுவப்பட்டது அது ஒன்றே.

ஆபத்தும் உண்மையானது. ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 4,400க்கு மேற்பட்டோரைக் கொண்ட 24 பரிசோதனைகளைத் தொகுத்தபோது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து பெற்றோரில் 4 வீதமாகவும் வெற்றுக் குளிசை பெற்றோரில் 2 வீதமாகவும் இருந்தது. அவற்றில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. 2004 ஒக்டோபரில் அவ்வமைப்பு மருந்துப் பொதியிற் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிற்று. அவ்வெச்சரிக்கை அஞ்சவைத்துச் சிகிச்சையையே குறைத்துவிட்டது என்று வாதிடுவோரும் உளர், அவ்விவாதம் முற்றுப்பெறவில்லை. தெளிவானது இவ்வளவே: சிகிச்சை பெறாத பெரும் மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும்; சிகிச்சையின் முதல் வாரங்கள் நெருங்கிய கண்காணிப்பை வேண்டுவன. உட்கொள்ளும் குளிசையை வைத்தியரைக் கேளாது திடீரெனக் கைவிடுதலும் தீங்கானது.

5

இவ்வறிவு நம் நாட்டை அடையும்போது என்ன நிகழ்கின்றது? மேற்கூறிய பரிசோதனைகளிற் சேர்க்கப்பட்டோர் வட அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களின் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்கள், வாரந்தோறும் கவனிக்கப்பட்டவர்கள். தற்கொலை ஆபத்து மிக்கோர் பெரும்பாலும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டனர். வெற்றுக் குளிசை பெற்றோரிலும் மூன்றிலொருவர் தேறியதில் இக்கவனிப்புக்கும் பங்குண்டு எனலாம். குளிசை கப்பலில் வரும், கவனிப்பு வராது. 4க்கும் 2க்கும் இடையிலுள்ள வேறுபாடு, வாரமொருமுறை மருத்துவத் தாதியைக் காணும் பிள்ளையிடத்து ஒரு பொருளும், பேருந்துக்குக் காத்திருந்து மாதமொருமுறை வரும் பிள்ளையிடத்து வேறொரு பொருளும் கொள்ளும்.

இவ்விடத்தில் இலங்கையின் அனுபவம் ஒன்று கவனத்துக்குரியது. 1995இல் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவில் உச்சத்திலிருந்தது. அவற்றிற் பெரும்பாலானவை பூச்சிகொல்லி அருந்தியமையால் நேர்ந்தவை. 1995இலும் 1998இலும் கொடிய நச்சுத்தன்மையுடையவை தடுக்கப்பட்டன. 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாற் உட்பட மூன்று படிப்படியாக நீக்கப்பட்டன. 1995ஐத் தொடர்ந்த இருபதாண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 வீதத்தால் வீழ்ந்தது. நஞ்சருந்தும் முயற்சிகள் அவ்வளவு குறையவில்லை, முயன்றோர் பிழைத்தனர். துயரின் உச்சத்தில் நிற்கும் கணம் கடந்துபோவது. அக்கணத்திற் கைக்கெட்டும் பொருள் யாது என்பதே பலவேளை முடிவைத் தீர்மானிக்கின்றது. மருந்து தொடங்கிய முதல் வாரங்களிற் பதற்றம் மிகும் பிள்ளைக்கு, வயல்வீட்டின் மூலையிலிருக்கும் போத்தலைப் பூட்டிவைத்தல் சிகிச்சையின் ஒரு பகுதியே என இதிலிருந்து கொள்ளலாம். வெளிநாட்டுப் பரிசோதனைகளில் அதற்கோர் அளவை இல்லை.

நம் மண்ணில் நடந்த பரிசோதனைகள் இல்லாமலில்லை. அவை பெரும்பாலும் மருந்தைப் பற்றியவையல்ல. வட இலங்கையில், யுத்தச் சூழலில், 9 முதல் 12 வயது வரையான 399 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய உளசமூகத் திட்டமொன்றின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. முதன்மை அளவைகளிற் பொதுவான நன்மை காணப்படவில்லை. அவ்வேளையில் யுத்தநெருக்கடிகள் குறைவாயிருந்த பிள்ளைகளிடமே நன்மை கூடுதலாகத் தெரிந்தது. மனவடுவைப் பொறுத்துச் சிறுமியருட் சிகிச்சை பெற்றோர், காத்திருந்தோரிலும் குறைவாகவே தேறினர். நெருக்கடி தொடரும்போது சிகிச்சை தளர்கின்றது என்ற கருத்துக்கு இது ஆதாரமளிக்கின்றது. மனவடுவைத் தனியாளின் மண்டைக்குள் மட்டும் தேடாது குடும்பத்திலும் சமூகத்திலும் கண்டறிதல் வேண்டும் எனப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்ததும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

எனினும், முற்போக்காளர் தரப்பிலும் ஒரு வழு உண்டு. நிலம் கிடைத்தால் நோய் தீரும். மனச்சோர்வு என்பது சுரண்டலுக்கு முதலாளித்துவம் இட்ட பெயர் என்று கூறிவிட்டு அமைபவர்களைக் காண்கிறோம். இது இயக்கவியலன்று, யாந்திரிகப் பொருள்முதல்வாதம். ஒரே இடப்பெயர்வில் வளர்ந்த இரு உடன்பிறப்புகளுள் ஒருவர் நோயுறுகின்றார், மற்றவர் உறவில்லை. உடலும் பொருளே, மூளையும் பொருளே. இரவெல்லாம் விழித்திருந்து சாவை எண்ணும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் காணி விடுவிப்புவரை பொறுத்திரு என்று கூற எவருக்கும் உரிமையில்லை. அதுபோலவே, குளிசையைக் கொடுத்துவிட்டோம், இனி ஊரைப் பற்றிய பேச்செதற்கு எனக் கூறவும் எவருக்கும் உரிமையில்லை. பரிசோதனை மருந்தைச் சோதிக்கின்றது. பிள்ளை வாழும் நிலைமைகளை அது மாறிலியாகக் கொள்கின்றது. மாறிலியாகக் கொள்ளப்பட்டது மாற்றமுடியாதது என்று பொருளன்று.

6

இத்துறையில் நமக்கொரு மரபுண்டு என்பதை மறத்தலாகாது. பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியும் சமசமாஜியுமான சேனக்க பிபிலே, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை அளித்தார். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் தோன்றிற்று. மருந்து வணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால் வழங்கப்படவேண்டும். தேவையானது மட்டுமே இறக்குமதியாகவேண்டும். அதனையும் மொத்தமாக மலிவிற் பெறவேண்டும் என்பன அவர் கண்ட நெறிகள். இன்று நோயாளியின் சீட்டிற் புளுவொக்சற்றீன் என்ற மூலப்பெயர் எழுதப்படும்போது அம்மரபின் சுவடு அதிலுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 2001இற் காப்புரிமை முடிந்தபின் அது மலிவான மருந்தாயிற்று. மலிவானதனாலேயே, அதனை நம் பிள்ளைகளிடத்து முறையாகச் சோதிக்க எந்தக் கம்பனியும் பணம் செலவிடாது. இலாபமில்லாத இடத்தில் வினாவும் எழுவதில்லை.

பிபிலேயின் காலத்து வினாக்கள் விலை, பெயர், தேவை என்பன. அவற்றோடு நான்காவதொன்று இன்று சேர்கின்றது: மூலத்தரவு யாரிடம் உள்ளது? பரிசோதனைகளை முன்கூட்டிப் பதிவுசெய்தாலன்றி வெளியிடோம் என 2004இல் முன்னணி மருத்துவ ஏடுகளின் ஆசிரியர்கள் அறிவித்தனர். 2006இல் இலங்கை மருத்துவச் சங்கம் பரிசோதனைப் பதிவேடொன்றைத் தொடங்கிற்று. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உருவாயிற்று. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், திட்டம் பதிவாவது தொடக்கம் மட்டுமே, நோயாளரின் அடையாளம் மறைத்து மூலப்பதிவுகள் முழுவதும் ஆய்வாளர் கைக்கு வந்தாலன்றி, வெளிவந்த கட்டுரை பதிப்பாகாது, விளம்பரமேயாகும்.

ஆகவே செய்யத்தக்கவை தெளிவானவை. கட்டிளமைப் பருவத்தினருக்கு உளச்சிகிச்சை முதலில். அது போதாதவிடத்து விசேட வைத்தியரின் மேற்பார்வையிற் புளுவொக்சற்றீன் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், தமிழ்மொழியில் உளவளத்துணை பெறக்கூடிய ஏற்பாடு மன்னார்க் கரையோரக் கிராமங்கள்வரை செல்லும்போதே பொருளுடையதாகும். மருந்து தொடங்கிய வாரங்களில் வீட்டுக்கு வந்து காண்பதற்கு ஆளும் செலவும் ஒதுக்கப்படல் வேண்டும். எச்சரிக்கைக் குறிப்பு பெற்றோர் படித்தறியும் தமிழில் அவர்கள் கைக்குக் கிடைத்தல் வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் பொதுப்பணத்தில் இம்மருந்தையும் இக்கவனிப்பையும் நம் சூழலிற் சோதித்துத் தரவுகளை யாவர்க்கும் திறந்துவைத்தல் வேண்டும்.

இவற்றிற் பாதி மருத்துவரின் பணி. மறுபாதி அரசியலின் பணி. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒருங்கே உரியவை. குளிசை வேலைசெய்கிறதா என்பதை நேர்மையாக அறியும் உரிமையும், அது வேலைசெய்வதற்கேற்ற வாழ்க்கையைப் பெறும் உரிமையும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கும் எழுத்து, யாருடைய பெயரைத் தாங்கி வெளிவரினும், மூலபாடத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட வேண்டியதேயாகும்.